எதிர்வெட்டு

அரசாங்கப் பதிவேட்டின்படி செங்கோடனின் இரண்டு கைகளும் நவநீத் என்ற இருபத்துமூன்று வயது இளைஞனுக்குச் சொந்தம். விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரைக்கும். மீதி உடம்பைச் செங்கோடன் தன் விருப்பம்போலப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதில் அரசுக்கு ஆட்சேபம் இல்லை.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், முறைப்படி நடந்தது. எல்லா விண்ணப்பத்திலும் செங்கோடனே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இதே கையால்.

சங்ககிரிக்குத் தெற்கே ஒரு கல்குவாரியில் பதினைந்து வருடமாகப் பொக்லைன் ஓட்டியவர் அவர். பக்கெட் பல்லால் கோழிமுட்டையை உருட்டிக் காட்டுவார் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு உண்டு. உண்மையில் அது ஒரே ஒரு முறைதான் நடந்தது, முட்டையும் உடைந்தது. ஆனால் பார்த்தவர்கள் நல்லவர்கள். இவ்வளவு பெயர் எடுத்தும் அவரிடம் லைசென்ஸ் மட்டும் இல்லை.

அவர் தொழில் பழகிய காலத்தில் அதற்கான வழி வேறு. நான்கு வருடம் கிளீனராக இருந்து கிரீஸ் அடிக்க வேண்டும். ஆபரேட்டர் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்தில் கேபினில் ஏறி லிவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆபரேட்டர் திரும்பி வந்து ஸ்பேனரால் அடிப்பார். என்றைக்கு அடிப்பதை நிறுத்துகிறாரோ அன்றைக்குப் படிப்பு முடிந்தது. சான்றிதழ் முதுகில் இருக்கும். இந்தக் கல்விமுறையைப் பற்றிச் செங்கோடன் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை.

பிறகு கையுறை வந்தது.

தேர்ந்த ஆபரேட்டர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு தொண்ணூறு மணி நேரம் வண்டி ஓட்டினால், அவர் கைக்குத் தெரிந்ததையெல்லாம் உறை எழுதிக்கொள்ளும். அதே உறையை ஒன்றும் தெரியாத ஒருவர் மாட்டிக்கொண்டு குளிரூட்டிய கூடத்தில் பதினோரு நாள் படுத்திருந்தால், பன்னிரண்டாம் நாள் எழுந்து போய் மலையைப் பெயர்க்கலாம். கொடுப்பவருக்கு மூலக் கை என்றும் வாங்குபவருக்கு வழிக் கை என்றும் பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் கவனிக்கக் கனரக இயந்திரப் பயிற்சி மற்றும் உரிம ஆணையம் என்று ஒன்றைத் திறந்தார்கள். ஜனங்கள் நீளம் தாங்காமல் அதைக் கை ஆபீஸ் என்றார்கள். கூடவே ஒரு சட்டமும் வந்தது: புதிய வண்டிகள் எல்லாம் உரிமம் பெற்ற கை லிவரைத் தொட்டால்தான் கிளம்பும்.

செங்கோடன் கை ஆபீஸுக்குப் போனார். மண்டல அதிகாரி அங்கயற்கண்ணி மதுரைக்காரர். எந்த விதியையும் நலம் விசாரிப்பதுபோலச் சொல்லக்கூடியவர்.

"உங்களுக்குப் பயிற்சி குடுக்க முடியாதே," என்றார். "உறை ஏறணும்னா எழுதாத கை வேணும். உங்களது ஏற்கெனவே எழுதின கை."

"எழுதியிருக்குதல்லங்க மேடம்? அதுக்கு லைசென்ஸ் குடுங்க."

"யார் எழுதினதுன்னு சான்று வேணும்ல?"

செங்கோடன் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"ஒரு வழி இருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க மூலக் கையா வாங்க. தொண்ணூறு மணி நேரம் பதிவு பண்ணுவோம். உங்க கைக்கு அரசாங்க அங்கீகாரம் வந்துரும். அப்புறம் வந்து தேர்வு எழுதுங்க."

"எந்த வண்டீல ஓட்டோணும்?"

"விதி பதினாலு. பழகின வண்டியில."

பழகின வண்டிக்குக் குவாரியில் நொண்டி என்று பெயர். பக்கெட்டில் கல்லை அள்ளிக்கொண்டு வண்டியின் மேல்பாதி திரும்பும் அல்லவா, அதற்கு ஸ்விங் என்பார்கள். நொண்டிக்கு ஸ்விங் பிரேக் தேய்ந்து போயிருந்தது. நிறுத்தினால் நிற்காது, இரண்டடி தள்ளிப்போய் நிற்கும். முதலாளியிடம் சொன்னபோது, "ஓடுதல்ல?" என்று கேட்டார். ஓடியது. அதனால் செங்கோடனே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். நிற்க வேண்டிய இடம் வருவதற்கு ஒரு நொடி முன்பே இடது லிவரை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டுவார். பக்கெட் சொன்ன இடத்தில் டிப்பருக்கு மேலே வந்து சாதுவாக நிற்கும். பதினைந்து வருடத்தில் அந்த எதிர்வெட்டு அவருக்கே தெரியாத அளவுக்குக் கையோடு ஊறிவிட்டது. மூச்சு விடுவதை யாராவது குறித்து வைத்துக்கொள்கிறார்களா?

தொண்ணூறு மணி நேரம் நொண்டியில் ஓட்டினார். உறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துத் தேர்வுக்குப் போனார். திரையில் கையை வைத்தார். இப்படி வந்தது: 'இந்தக் கை ஏற்கெனவே உரிமம் பெற்றுள்ளது. உரிமதாரர்: நவநீத். நீங்கள் நவநீத்தா? ஆம் / இல்லை.'

"எதுங்க அமுக்கறது?" என்று கேட்டார்.

குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆம்னா ஆள்மாறாட்டக் கேஸ். இல்லைன்னா அடுத்தவர் கையை வச்சிருக்கிற கேஸ். ஒரு கைக்கு ஒரு லைசென்ஸ்தாங்க. எதையும் அமுக்காம வீட்டுக்குப் போயிடுங்க, அதான் நல்லது."

வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் குவாரிக்குப் புது வண்டி வந்தது. குளிர்சாதன கேபின், பாட்டு கேட்க வசதி, மெத்தை சீட். அதோடு அதை ஓட்ட ஆளும் வந்தான். வழிக் கை முதல் ஆறு மாதம் மூலக் கை பழகிய மண்ணிலேயே வேலை செய்ய வேண்டுமாம், விதி இருபத்திரண்டு. நொண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். செங்கோடனுக்கு இரண்டு கொடி கொடுத்தார்கள். டிப்பர் உள்ளே வரப் பச்சை, நிற்கச் சிவப்பு.

நவநீத் மெக்கட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒன்றரை வருடம் வேலை தேடியவன். வந்த அன்றைக்கே, அத்தனை டிரைவர்களும் பார்க்க, செங்கோடனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"எனக்குச் சோறு போடுற கை உங்களுதுண்ணா."

வயிறெரிவதற்கு அதுவே போதும். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் செங்கோடனின் வேலை எளிதாக முடிந்திருக்கும். இவன் மரியாதைக்காரன். கேபினில் ஏறும்போது செருப்பைக் கழற்றினான். இறங்கும்போது, "வரேண்ணா," என்றான். கையோடு வேறு சில சமாச்சாரங்களும் அவனுக்குப் போயிருந்தன. அதையும் வந்து ஒப்பித்தான்.

"நான் வாழ்க்கையில வேட்டியே கட்டினதில்லண்ணா. இப்பல்லாம் பேண்டு போட்டிருக்கும்போதே கை தன்னால இடுப்புக்குப் போய் மடிச்சுக் கட்டப் பாக்குது. நெலக்கடலைய ஒரே கையால உரிக்கிறேன். ஹாஸ்டல்ல எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க."

நிலக்கடலையை ஒரு கையால் உரிப்பது செங்கோடனின் தனிச்சொத்து. பெண் பார்க்கப் போன இடத்தில் பதற்றத்தில் அதைச் செய்துதான் சுகந்தி இவருக்கு வாய்த்தாள்.

அந்த சுகந்தி இப்போது குவாரியின் எடைமேடையில் ரசீது போடுகிறாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் புது வண்டி நேராகத் தெரியும்.

"ஏன் மாமா, அச்சு அசல் நீங்க ஓட்டற மாதிரியே இருக்குது," என்றாள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அது என்ற கையாச்சே. வேற எப்படி இருக்கும்?"

"அதான் சொல்றேன். ஆனா அந்தப் பையன் டிப்பர்காரங்களக் கெட்ட வார்த்தையில பேசறதில்ல பாருங்க. நீங்களே வாய மூடிட்டு ஓட்டுனா எப்படியிருக்கும்னு பதினஞ்சு வருசமா நெனச்சிருக்கறேன். பாத்தாச்சு."

செங்கோடன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படலாம். உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். தன் கையே இன்னொருவனிடம் போய்த் தன்னைவிட நல்லபேர் வாங்கினால் அதற்கு என்ன பெயர்? யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, கேபினுக்குள் குளிரில் உட்கார்ந்து தன் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

பார்த்ததில்தான் அது தெரிந்தது.

பக்கெட் டிப்பருக்கு மேலே வரும் சமயம் ஒரு வெட்டு. புது வண்டிக்குப் பிரேக் தேயவில்லை; அது தானாகவே அழகாக நிற்கும். அதற்கு மேல் எதிர்வெட்டும் விழுந்ததால் பக்கெட் பின்பக்கம் குலுங்கி, விளிம்பில் இருந்த கல் உருண்டு கீழே விழுந்தது. தலையளவு கல். இரண்டு நாளைக்கொன்று, பிறகு தினம் ஒன்று.

"பொடியன் அவசரப்படறான்," என்றார் முதலாளி.

"ஆமாங்க, அவசரம்," என்றார் செங்கோடன்.

அது அவசரம் இல்லை என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். நொண்டியின் வியாதி உறை வழியாக வண்டி மாறி வந்திருக்கிறது. 'தம்பி, அந்த வெட்டு உனக்கு வேண்டாம்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் தினமும் காலையில் தொண்டை வரைக்கும் வரும். எதிரே அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேபினில் ஏறுவான். வாக்கியம் திரும்பிப் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பீரோ அளவுக்கு ஒரு கல் உருண்டு டிரைவர் மயிலானந்தனின் டிப்பர் கேபினை அப்பளமாக்கியது. மயிலானந்தன் உள்ளே இல்லை. மாமியார் போன் செய்திருந்தார். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது என்பதால் இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார். அதுவரை மாமியாரைப் பற்றி அவர் சொன்ன அத்தனையையும் அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

செங்கோடன் நசுங்கிய கேபினுக்குள் குனிந்து பார்த்தார். அன்றைக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

விசாரணைக்கு அங்கயற்கண்ணி நேரில் வந்தார். செங்கோடனைத் தனியாகக் கூப்பிட்டு எடைமேடை அறையில் உட்கார வைத்தார்.

"ஒரே கேள்விதான். தப்பு ஆள் மேலயா, கை மேலயா? ஆள் மேலன்னா நவநீத் லைசென்ஸ் ரத்தாயிரும். கைக்கு உரிமதாரர் இல்லாமப் போயிரும். நீங்க விண்ணப்பிச்சா அன்னைக்கே உங்க பேர்ல பதிஞ்சுரலாம். இந்த வண்டிய நீங்க ஓட்டலாம்."

"கை மேலீன்னா?"

"கைக்கே தடை. அது யார்கிட்ட இருந்தாலும் எந்த வண்டியும் திறக்காது. உங்ககிட்ட இருந்தாலும்தான். ஆயுசுக்கும்."

செங்கோடன் யோசித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஆள் மேலதானுங்க மேடம். சின்னப் பையன். வேகம்."

"சரி. அப்ப நீங்க ஓட்டிக் காட்டுங்க. அதே வண்டி, அதே கை, மூணு நடை. உங்களுக்குக் கல் விழலைன்னா தப்பு அவன் மேல."

நசுங்கின டிப்பரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதிகாரி ஒருநாள் அனுமதி போட்டு வண்டியைத் திறந்துவிட்டார். முதலாளி, டிரைவர்கள், ஜன்னலில் சுகந்தி, எல்லாருக்கும் முன்னால் கைகளைத் தொங்கவிட்டு நவநீத். செங்கோடன் மெத்தை சீட்டில் உட்கார்ந்தார். குளிர்காற்று முகத்தில் பட்டது. இத்தனை நாள் வெளியே நின்று பார்த்த இடம். ஊர் மேலிருந்து பார்க்கச் சின்னதாக, ஒழுங்காக இருந்தது.

முதல் நடை. கல்லை அள்ளித் தூக்கித் திரும்பினார். அந்த இடம் நெருங்கும்போது கை துடித்தது. பதினைந்து வருடப் பழக்கம், வெட்டு என்கிறது. எதைக்கொண்டு அதைத் தடுப்பது? கண்ணாடி வழியாக நவநீத்தைப் பார்த்தார். இந்த சீட்டில் இவன் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறான், நான் வெயிலில் கொடி பிடித்திருக்கிறேன். அடிவயிற்றிலிருந்து ஒரு எரிச்சல் கிளம்பி மார்பு வழியாகத் தோளுக்கு ஏறி, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெட்டு விழவில்லை. பக்கெட் பூப்போல நின்றது.

கீழே யாரோ விசிலடித்தார்கள்.

இரண்டாம் நடை. மறுபடி அவனைப் பார்த்தார். மறுபடி எரிந்தது. மறுபடி கை நின்றது. அப்போதுதான் அதைக் கவனித்தார். வெட்டு விழுந்திருக்க வேண்டிய அதே நொடியில், கீழே நின்ற நவநீத்தின் இடது கை பேண்டுக்குப் பக்கத்தில் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது.

மேலே அடக்கி வைத்தது கீழே வெளிப்பட்டுவிட்டது. அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். பார்த்துவிட்டால் தப்பு கை மேல் என்று அங்கேயே முடிந்துவிடும். நவநீத்துக்கும் அது தெரியும். அவன் சட்டென்று வலது கையால் இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கேபினை நிமிர்ந்து பார்த்து, 'நீங்க ஓட்டுங்கண்ணா' என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

மூன்றாம் நடை. கல்லோடு திரும்பும்போது செங்கோடன் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் ஏன் மறைத்தான்? மறைத்தால் பழி முழுக்க இவன் தலையில் அல்லவா விழும்? இது என் கையிலிருந்து போன குணம் இல்லையே. எங்கிருந்து வந்தது? அந்த வியப்பில் அவர் ஒரே ஒரு நொடி பொறாமைப்பட மறந்துவிட்டார்.

கை வெட்டியது. கல் உருண்டு, ஏற்கெனவே அப்பளமான கேபினைத் தூளாக்கியது.

இறங்கி வந்தபோது அங்கயற்கண்ணி கையிலிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் ரெண்டு நடை ஓட்டினது யாரு?"

"நாந்தானுங்க."

"மூணாவது?"

"அதும் நாந்தானுங்க மேடம். எல்லாரும் பாத்துட்டுத்தான இருந்தீங்க."

"மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதே. மூணாவது நடை பதிவான கையோட தொண்ணூத்தேழு சதவீதம் பொருந்துது. முதல் ரெண்டும் அம்பத்தெட்டுதான். அது வேற ஆள்ங்குது."

செங்கோடன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு நொண்டியின் பிரேக், எதிர்வெட்டு, மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு கை மேல்தான் என்றார். நவநீத் இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப அந்த ரெண்டு நடை எப்படி விழாம ஓட்டினீங்க?"

"புடிச்சு வச்சிருந்தனுங்க."

"எதை வச்சு?"

"உள்ளுக்குள்ள... ஒரு வைராக்கியம் மாதிரி," என்றார் செங்கோடன். வாழ்நாளில் அவர் சொன்ன மிக நாகரிகமான பொய் அது.

அதிகாரி பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். கடைசியில் நலம் விசாரிக்கும் குரலில் தீர்ப்புச் சொன்னார்: பழைய கை தடை செய்யப்படுகிறது. நவநீத்தின் உரிமம் நிறுத்தி வைக்கப்படுகிறது. முதல் இரண்டு நடை ஓட்டியது ஐம்பத்தெட்டு சதவீதம் மட்டுமே பொருந்துவதால் அது புதிய கை. புதிய கைக்கு வேறு உரிமதாரர் இல்லை. ஆகவே அதற்குச் செங்கோடன் பெயரில் உரிமம் கொடுக்கத் தடை ஏதும் இல்லை.

"ஆனா அந்தக் கையாலதான் ஓட்டணும். பழசு எட்டிப் பாத்துச்சுன்னா வண்டி அங்கயே நின்னுரும். அப்புறம் அந்தத் திருத்தின கையத் தொண்ணூறு மணி நேரம் பதிவு பண்ணிக் குடுக்கணும். உறை எழுதினத உறையே அழிக்கும், அதனால இவனுக்கும் அதையே ஏத்திரலாம், இன்னும் இருநூறு பேர் காத்திருக்காங்க, அவங்களுக்கும் ஆச்சு. என்ன சொல்றீங்க?"

"ஒண்ணே ஒண்ணுங்க மேடம். பதிவு பண்றப்ப இந்தத் தம்பி எதுக்கால, என்ற கண்ணு முன்னால நிக்கோணும்."

"எதுக்கு?"

"நின்னா வருதுங்க."

அப்படியாக நவநீத் கைக்கு இரண்டு கொடியும், செங்கோடன் கைக்கு உறையும் வந்தன.

தொண்ணூறு மணி நேரம் பொறாமைப்படுவது லேசான வேலை இல்லை. முதல் இருபது மணி நேரம் சரக்கு இருந்தது. அவன் வயது, தலைமுடி, தட்டுத்தடங்கலில்லாத இங்கிலீஷ். நாற்பதாவது மணி நேரத்தில் அவன் அம்மா தினமும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதைக் கொண்டு ஒப்பேற்றினார். அறுபதில் சரக்கு தீர்ந்துவிட்டது. கொடி பிடித்துக் கறுத்துப்போய், லைசென்ஸும் இல்லாமல், முகம் கோணாமல் நிற்பவனைப் பார்த்து இன்னும் என்னத்துக்குப் பொறாமைப்படுவது? அப்புறம்தான் ஒன்று அகப்பட்டது. இவனுக்கு யார் மேலும் பொறாமை இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறான். அதை நினைத்தபோது எரிந்த எரிச்சலில் மீதி முப்பது மணி நேரமும் தாராளமாக ஓடியது.

இடைவேளையில் அவன் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவான். செங்கோடன் வேண்டாம் என்று திரும்பிக்கொள்வார்.

"அந்தப் புள்ள கொண்டாந்த டீயக் குடிச்சா கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள் சுகந்தி.

"லைசென்ஸ் போயிரும்."

"டீ குடிச்சாவா?"

"அவன எனக்குப் புடிச்சுப் போயிரும் புள்ள. அப்பறம் கை நிக்காது."

சுகந்தி ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள் எழுந்து அடுத்த வண்டியை எடை போடப் போனாள். அவரை அவள் கேலி செய்யாமல் விட்டது அதுதான் முதல் தடவை; அது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

உறை பயிற்சிக் கூடத்துக்குப் போயிற்று. செங்கோடனுக்கு லைசென்ஸ் அட்டை வந்தது. போட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வண்டி அவருடையதாயிற்று. ஒரே குவாரி இத்தனை பேரைத் தாங்காது என்று விதி இருபத்திரண்டைத் தளர்த்தினார்கள். திருத்திய கை ஏறிய இருநூறு பேர் பல மாவட்டங்களுக்கும் போனார்கள், எங்கேயும் ஒரு கல் விழவில்லை என்று கை ஆபீஸ் அறிக்கை விட்டது. நவநீத்துக்குச் சேலம் பக்கம் ஒரு சாலை வேலையில் இடம் கிடைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவன் குவாரிக்கு வந்தான். இளைத்திருந்தான். செங்கோடன் சாப்பிட்டு முடித்து வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. கல்லு எதாச்சும் விழுகுதா?"

"ஒண்ணுகூட விழலண்ணா. கை அப்படியே நிக்குது." அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "ஒண்ணு கேக்கணும்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்விங் வந்து நிக்கிற அந்த எடத்துல எனக்கு வயிறு எரியுது. அல்சரோன்னு டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணுமில்லேங்கிறார். யாரையோ பாத்துப் பத்திக்கிட்டு எரியுற மாதிரி இருக்குண்ணா. ஒரு நாளைக்கு நானூறு தடவை."

செங்கோடன் ஒரு சிறு கல்லை எடுத்துத் தரையில் கோடு போட்டார்.

"எனக்கு மட்டுமில்ல. கூடப் படுத்திருந்தவங்க எல்லாருக்கும் இருக்கு. வீட்ல போய் எரிஞ்சு விழுறாங்களாம். அதுகூடப் பரவால்ல." அவன் குரல் இறங்கியது. "புது சைட்ல, வேற பேட்ச்ல இதே கை ஏத்தின ஒருத்தர்கூட வேலை. முன்னப் பின்ன பாத்ததே இல்ல. என்னப் பாத்ததும் மொகம் மாறிப்போச்சு. உன்னப் பாத்தாலே ஆகல போய்யாங்கிறார். தருமபுரியில இன்னொருத்தர், அதே. கேன்டீன்ல பக்கத்துல உக்காந்தா எந்திரிச்சுப் போயிடுறாங்க. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலயேண்ணா?"

"இல்ல தம்பி."

"அந்த எரிச்சல் வரும்போது ஒரு மொகம் தெரியுதாம் அவங்களுக்கு. எனக்கும் தெரியுது. நான் கண்ணாடியில பாக்குற மொகம்தான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "என்னப் பாத்து நானே எரிஞ்சா எங்கண்ணா போறது? உறையில வேற எதாவது போயிருக்குமா? உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த முறை வேறு வாக்கியம், இன்னும் நீளமானது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று செங்கோடனுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பையன் மன்னித்துவிடுவான். மன்னித்துவிட்டால் அதற்கப்புறம் எதை வைத்துப் பிடிப்பது? இருநூறு பேருக்காவது உறை பிடித்துக்கொள்ளும். அவர் கையை அவரேதான் பிடிக்க வேண்டும்.

டிப்பர் ஒன்று உள்ளே வந்து ஹாரன் அடித்தது. மயிலானந்தன் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, லோடு!" என்று கத்தினார்.

செங்கோடன் எழுந்து துண்டை உதறித் தலையில் கட்டினார். கேபின் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை மாதமாக வெறும் நினைப்பை வைத்தே ஒப்பேற்றி வந்தவர். நேற்று இரண்டு முறை பழைய கை எட்டிப் பார்த்து வண்டி நின்றுபோனது.

"தம்பி, அவசரமா போகோணுமா?"

"இல்லண்ணா."

"அப்படீன்னா கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க. அந்தக் கொடி நட்டிருக்கற எடத்துல. எனக்குத் தெரியற மாதிரி."

நவநீத் ஏன் என்று கேட்கவில்லை. போய் நின்றான். செங்கோடன் மேலே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு லிவரைத் தொட்டார். பொழுது சாயும்வரை ஒரு கல்கூடக் கீழே விழவில்லை.